டிரெய்லர் டயர் அலாரம் அடித்தால் எங்கே பார்ப்பது? அறிகுறிவாரியாக ஒரு வழிமுறை

அமெரிக்காவில் கார் ஓட்டுகிறவர்களுக்கு டயரில் காற்று குறைந்தால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிவது பழகிப்போன விஷயம். 2000-ஆம் ஆண்டின் டிரெட் என்ற வாகனப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக வந்த விளக்கு அது. மொத்த எடை 10,000 பவுண்டுக்கு உட்பட்ட புதிய கார், வேன், பிக்கப் எல்லாவற்றிலும் 2007 செப்டம்பருக்குள் கட்டாயமாகிவிட்டது. ஆனால் பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அந்த எடையைத் தாண்டிய மோட்டார்ஹோமுக்கும் இல்லை. ஆர்.வி. (வீடுபோல் தங்கிப் பயணிக்கும் டிரெய்லர் அல்லது மோட்டார்ஹோம்) வைத்திருப்பவர் டயர் அழுத்தக் கண்காணிப்புக் கருவியை, அதாவது ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சென்சாரும் ஓட்டுகிறவர் முன் ஒரு திரையும் கொண்ட டி.பி.எம்.எஸ்.ஸை, தானே வாங்கித் தானே மாட்டிக்கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான்.

அது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், இரண்டு அச்சு உள்ள டிரெய்லரில் ஒரு டயர் தரையோடு படுத்துவிட்டாலும் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. பக்கத்து டயர் சுமையைத் தாங்கிக்கொள்ளும். வண்டி இழுக்காது, ஆடாது. பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்துக் காட்டும்போது ரப்பர் கிழிந்து, சக்கரத்துக்கு மேலே உள்ள தகடும் பிளாஸ்டிக் குழாய்களும் பிய்ந்திருக்கும்.

என்னுடையது 28 அடி டிராவல் டிரெய்லர். நான்கு டயர்கள், அளவு எஸ்.டி. 225/75ஆர்15 (எஸ்.டி. என்றால் டிரெய்லருக்கென்றே செய்த டயர்), சுமை வகை லோடு ரேஞ்ச் ஈ, குளிர்ந்த நிலையில் காற்றழுத்தம் 80 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு). கீழே வரும் கணக்கெல்லாம் அந்த அளவை வைத்துத்தான். உங்கள் எண் வேறாக இருக்கலாம். டிரெய்லரின் இடப்பக்க முன்பாதியில் வெளியே ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள்.

எந்த அலாரம் வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒரு சக்கரம் மட்டுமா, எல்லாச் சக்கரமுமா? எல்லாம் சேர்ந்து ஏறினாலோ இறங்கினாலோ காரணம் பெரும்பாலும் வெயில், குளிர், மலை, இல்லையென்றால் நீங்கள் வைத்த செட்டிங். ஒன்று மட்டும் கூட்டத்திலிருந்து விலகினால் கோளாறு அந்தச் சக்கரத்தில் இருக்கிறது. திரையில் உள்ள எண்ணைத் தனியாகப் படிக்காமல் மற்ற மூன்றோடு ஒப்பிட்டுப் படிக்கப் பழகினால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு டயர் மளமளவென்று இறங்குகிறது

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் யோசிக்க நேரம் கிடையாது. பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், வேகம் தானாகக் குறையட்டும். அகலமான ஓரம் கிடைத்தால் லாரிகளுக்கு இடம் விட்டு முடிந்தவரை வலது பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். "அடுத்த எக்ஸிட் இரண்டு மைல்தானே" என்று அதே வேகத்தில் போகக் கூடாது; அந்த இரண்டு மைலில் டயரோடு ரிம்மும் போய்விடும்.

அரிசோனாவில் ஐ-40 நெடுஞ்சாலையில் கிங்மன் தாண்டிப் போகும்போது எனக்கு இது நடந்தது. இடது பின் டயர் 88-இலிருந்து 80, 71, 60 என்று ஒரு நிமிடத்துக்குள் இறங்கியது. வண்டியில் எந்த மாற்றமும் உணரவில்லை. திரை கத்தாமல் இருந்திருந்தால் இன்னும் பல மைல் ஓட்டியிருப்பேன். நிறுத்திப் பார்த்தால் டயரில் ஆணியும் இல்லை, வெட்டும் இல்லை. காற்று அடைக்கும் வால்வுத் தண்டு அடியில் விண்டிருந்தது. சில மாதங்களுக்கு முன் புது டயர் போட்ட கடையில் உலோகத் தண்டு போடும்படி சொல்லியிருந்தேன். அவர்கள் காருக்குப் போடும் சாதாரண ரப்பர் தண்டைப் போட்டிருந்தார்கள், நானும் கவனிக்கவில்லை. டி.ஆர். 413 என்று விற்கும் அந்த ரப்பர் தண்டு 65 பி.எஸ்.ஐ. வரைதான் தாங்கும். அதில் 80 அடைத்து, நுனியில் ஒரு சென்சாரையும் தொங்கவிட்டால், சக்கரம் சுற்றச் சுற்ற ரப்பர் அசைந்து அசைந்து அடியில் களைத்துப் போகிறது.

எனவே சென்சார் மாட்டும் முன், போல்ட் போல நட்டு வைத்து இறுக்கும் உலோகத் தண்டு இருக்கிறதா என்று ஒவ்வொரு சக்கரத்திலும் கையால் தொட்டுப் பாருங்கள். அசைத்தால் வளைகிறதென்றால் அது ரப்பர்.

ஸ்டெப்னி மாட்டியதோடு வேலை முடியவில்லை. காற்று போன டயரின் அதே பக்கத்து ஜோடி டயர், அந்த நேரம் முழுக்க இரண்டு டயரின் சுமையைத் தாங்கியிருக்கிறது. வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நைந்திருக்கலாம். கழற்றி உட்புறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். காற்று போன டயரோடு வெகுதூரம் ஓடியிருந்தால் இந்த ஜோடி டயரையும் மாற்றிவிடுவதே நல்லது. புதிதாக மாட்டிய சக்கரத்தின் நட்டுகளை 10, 25, 50 மைல்களில் டார்க் ரெஞ்சு வைத்து மறுபடி இறுக்க வேண்டும்.

காலையில் கிளம்பும்போதே எல்லா டயரும் குறைவு என்கிறது

டயர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். குளிர்ந்தால் காற்று சுருங்கும். 80 பி.எஸ்.ஐ. டயரில் ஒவ்வொரு 10 டிகிரி பாரன்ஹீட்டுக்கும் ஏறக்குறைய 1.8 பி.எஸ்.ஐ. போகும். காருக்குச் சொல்லும் "பத்துக்கு ஒன்று" என்ற கணக்கு 35 பி.எஸ்.ஐ. டயருக்கானது. அழுத்தம் கூடக்கூட இந்த மாற்றமும் கூடும்.

குளிர்காலத்தில் ஃபீனிக்ஸில் 70 டிகிரி மதியத்தில் 80 நிரப்பிக்கொண்டு மலைமேல் உள்ள ஃப்ளாக்ஸ்டாஃப் ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். மறுநாள் காலை அங்கே 20 டிகிரி. டயரில் ஒரு துளி கசிவும் இல்லாமலே, கையால் வைத்து அழுத்தம் அளக்கும் கேஜ் 74-ஐக் காட்டும். திரையோ 71 என்று காட்டலாம் (ஏன் என்பது அடுத்த பகுதியில்). குறைந்த அழுத்த அலாரத்தைப் பத்து சதவீதத்தில், அதாவது 72-இல் வைத்திருந்தால் அது அடித்தே தீரும்.

செய்ய வேண்டியது இதுதான். வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, வெயில் படும் முன், நல்ல கேஜால் நான்கையும் அளந்து, அந்த ஊர்க் குளிரில் 80 வரும்படி நிரப்புங்கள். பிறகு வெப்பமான பகுதிக்கு இறங்கினால் அங்கே ஒரு காலையில், டயர் குளிர்ந்த நிலையில், கூடுதலானதை இறக்குங்கள். அலாரம் தொல்லையாக இருக்கிறதே என்று அதன் எல்லையை 60-க்குத் தள்ளிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதைச் செய்யாதீர்கள். கார்களுக்கான சட்டம் 25 சதவீதம் குறைந்த பிறகு எச்சரித்தால் போதும் என்கிறது. டிரெய்லருக்கு அது மிகத் தாமதம். இந்த அளவு டயர் 80 பி.எஸ்.ஐ.யில் 2,830 பவுண்டு தாங்கும், 65-இல் 2,540 பவுண்டுதான். நான்கு டயருக்குச் சேர்த்தால் 1,160 பவுண்டு தாங்குதிறன் போய்விடுகிறது. தண்ணீர்த் தொட்டி, துணிமணி, சமையல் சாமான் என்று நிரம்பிய டிரெய்லரில் அவ்வளவு இடைவெளி பெரும்பாலும் இருப்பதில்லை. நான் பத்து முதல் பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் தளர்த்துவதில்லை.

இன்னொரு விஷயம். பெட்ரோல் பங்குகளில் இருக்கும் பல காற்றுப் பம்புகள் 80 வரை ஏற்றத் திணறும். பேட்டரியில் நேராகக் கவ்வி போட்டு ஓடும் 12 வோல்ட் கம்ப்ரஸர், 150 பி.எஸ்.ஐ. திறனுள்ளது, ஒன்றைக் கையில் வைத்திருங்கள். கண்காணிப்புக் கருவி குறை சொல்லிக்கொண்டிருக்க, சரிசெய்யக் கையில் ஒன்றுமில்லை என்றால் மனம் கடைசியில் அலாரத்தைத்தான் அணைக்கும்.

கேஜ் ஒன்று சொல்கிறது, திரை வேறு சொல்கிறது

இரண்டு, மூன்று பி.எஸ்.ஐ. வித்தியாசம் எங்குமே இயல்பு. மலையில் அது கூடும். பல சென்சார்கள் டயருக்குள் உள்ள முழு அழுத்தத்தை அளந்து, அதிலிருந்து கடல்மட்டக் காற்றழுத்தமான 14.7-ஐக் கழித்துக் காட்டுகின்றன. கேஜோ அந்த இடத்தில் இருக்கும் காற்றோடு ஒப்பிடுகிறது. ஏறத்தாழ 6,900 அடி உயரத்தில் உள்ள ஃப்ளாக்ஸ்டாஃபில் வெளிக்காற்றின் அழுத்தம் 11.4 பி.எஸ்.ஐ. அளவில்தான். ஆகவே திரை, கேஜைவிட மூன்றுக்கு மேல் குறைத்துக் காட்டும். டென்வரில் இது இரண்டரை. கடலோரத்துக்கு இறங்கினால் இரண்டும் ஒட்டிவிடும்.

நிரப்பும்போது கேஜை நம்புங்கள், ஓடும்போது திரையின் ஏற்ற இறக்கத்தை நம்புங்கள். நான்கிலும் ஒரே அளவு வித்தியாசம் என்றால் கவலை இல்லை. ஒரு சென்சார் மட்டும் ஐந்து, ஆறு தள்ளிக் காட்டினால் அதை வேறு சக்கரத்துக்கு மாற்றிப் பாருங்கள். தவறு சென்சாரோடு போனால் சென்சார் கெட்டது. சக்கரத்திலேயே தங்கினால் காற்று உண்மையாகவே குறைவு.

ஓட ஓட அழுத்தம் அதிகம் என்று அலாரம்

70 டிகிரியில் 80 வைத்த டயர், ஓடி உள்ளே 130 டிகிரி ஆகும்போது 90-ஐத் தாண்டும். இது டயர் செய்தவர்கள் எதிர்பார்த்ததே. கோடையில் பார்ஸ்டோவிலிருந்து லாஸ் வேகஸ் போகும் ஐ-15-இல் 95 பார்ப்பது சாதாரணம். வெயில் விழும் பக்கம் நிழல் பக்கத்தைவிட நான்கைந்து கூடவே இருக்கும். மதியத்துக்கு மேல் வண்டி திரும்பினால் அதுவும் பக்கம் மாறும்.

சூடான டயரிலிருந்து காற்றை இறக்காதீர்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. 95-ஐ 80-க்கு இறக்கினால் மறுநாள் காலையில் அது 67 அளவில் நிற்கும். அப்படியே கிளம்பினால் டயர் அதிகம் நெளிந்து இன்னும் சூடாகும். அதிக அழுத்த எல்லை 15 சதவீதத்தில் இருந்தால் அதை 20 அல்லது 25-க்கு மாற்றுங்கள். காலையில் குளிர்ந்த நிலையில் சரியாக வைத்தீர்களா என்பதை மட்டும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு டயர் மட்டும் தினமும் கொஞ்சம் இறங்குகிறது

சோப்புத் தண்ணீர்ப் பாட்டிலை எடுங்கள். முதலில் சென்சார் தண்டோடு சேரும் இடத்தில் தெளியுங்கள். தண்டில் மாட்டும் சென்சார்கள் எல்லாமே வால்வுக்குள் இருக்கும் ஊசியை (வால்வு பின்) அமுக்கித் திறந்தபடிதான் வேலை செய்கின்றன. எனவே உள்ளே இருக்கும் சிறு ரப்பர் வளையம் தேய்ந்தாலோ, தூசி இருந்தாலோ, அளவுக்கு மீறி முறுக்கி நசுக்கியிருந்தாலோ காற்று அந்த வழியாகப் போகும். கையால் இறுக்கினால் போதும், பிளையர் தேவையில்லை.

குமிழி வரவில்லையா? சென்சாரைக் கழற்றிவிட்டு வால்வு பின்னில் தெளியுங்கள். குமிழி வந்தால் பின்னைக் கால் சுற்று இறுக்குங்கள், கேட்காவிட்டால் மாற்றுங்கள். மிகச் சில்லறைச் செலவுதான். அப்புறம் தண்டின் அடி, ரிம்மும் டயரும் சேரும் விளிம்பு, கடைசியாக டயரின் மேற்பரப்பு. பலர் டயரில் ஆணி தேடுவதில் தொடங்குகிறார்கள். என் அனுபவத்தில் சென்சார் மாட்டிய முதல் வாரத்தில் வரும் கசிவுக்குச் சென்சார்தான் காரணமாக இருந்திருக்கிறது.

ஒரு சக்கரம் மட்டும் சூடு காட்டுகிறது

அழுத்தம் குறைந்து சூடு ஏறினால் டயர் நெளிகிறது, நிறுத்திக் காற்று நிரப்ப வேண்டும். அழுத்தமும் மற்றவற்றைவிட ஏறி, சூடும் 30, 40 டிகிரி கூடினால் டயரைப் பார்க்காதீர்கள், சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பைப் பாருங்கள். பேரிங்கில் கிரீஸ் காய்ந்திருக்கலாம், எலெக்ட்ரிக் பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருக்கலாம். நிறுத்தியவுடன் அகச்சிவப்பு வெப்பமானியை நான்கு ஹப்பிலும் காட்டி ஒப்பிடுங்கள். நான்குமே கொதித்தால் டிரெய்லர் பிரேக்கின் விசையை வைக்கும் பிரேக் கன்ட்ரோலரின் அளவு கூடுதல், இல்லையென்றால் டிரெய்லர் கழன்றால் பிரேக் போடும் அவசரக் கம்பியின் ஊசி பாதி வெளியே வந்திருக்கிறது.

ஒன்றை நினைவில் வையுங்கள். தண்டின் நுனியில் இருக்கும் சென்சார் மேல் காற்று வீசிக்கொண்டே இருக்கும். ஆகவே அது காட்டும் வெப்பம் டயரின் உள் வெப்பத்தைவிடக் குறைவு. 158 டிகிரி அலாரம் வரும்வரை காத்திருக்காமல், கூட்டத்திலிருந்து விலகும் சக்கரத்தை அப்போதே கவனியுங்கள்.

சிக்னல் வரவில்லை, கோடுகள் மட்டும் தெரிகின்றன

ஒரே சக்கரம் என்றால் பேட்டரி. சி.ஆர். 1632 போன்ற காசு வடிவ பேட்டரிதான் பெரும்பாலும் இருக்கும்; கடும் குளிரில் முதலில் மயங்குவது வயதான பேட்டரி. புதிதாகப் போட்டும் வரவில்லையென்றால் வண்டியை அரைச் சுற்று முன்னே நகர்த்துங்கள். சென்சார் அச்சுக்கும் தகட்டுக்கும் பின்னால் மறைந்து நின்றிருக்கலாம்.

பின்சக்கரங்கள் எல்லாம் விட்டுவிட்டு வந்தால் தூரம்தான் காரணம். நீள டிரெய்லருக்கு, சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் வேண்டும், அதை டிரெய்லரின் முன்பகுதியில் வையுங்கள். ரிப்பீட்டருக்குப் போகும் 12 வோல்ட் கம்பி கழன்றிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லாமே போய்விட்டதா? திரைக்குப் பக்கத்தில் புதிதாக என்ன செருகினீர்கள் என்று யோசியுங்கள். மலிவான யு.எஸ்.பி. சார்ஜரும் டேஷ்கேமும் கிளப்பும் ரேடியோ இரைச்சல் இந்தச் சிறு சிக்னலை விழுங்கிவிடும். எனக்கு ஒரு முழு நாள் வீணானது, ஒரு சார்ஜரைப் பிடுங்கியதும் நான்கு எண்ணும் வந்து உட்கார்ந்தன.

இதிலேயே ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. சிக்னல் நின்றவுடன் எல்லாத் திரையும் கோடு காட்டிவிடாது. சில திரைகள் கடைசியாக வந்த எண்ணையே வெகுநேரம் காட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் 84-ஐப் பார்த்து நிம்மதியாக ஓட்டுவீர்கள், அது அரை மணி முந்தைய 84. எண்கள் கொஞ்சம்கூட அசையாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். சீசனின் முதல் பயணத்துக்கு முன் ஒவ்வொரு சென்சாராகக் கழற்றி, அலாரம் அடிக்கிறதா என்று பாருங்கள். டயரைச் சக்கரம் மாற்றிப் போட்ட பிறகு இடது பின்னுக்கு வலது முன்னைக் காட்டும் குழப்பமும் இந்தச் சோதனையிலேயே பிடிபடும்.

சென்சாரைக் கழற்ற வரவில்லை

பித்தளை மரையும் அலுமினியத் தண்டும் ஈரத்தில் சேர்ந்தால் அரித்து ஒட்டிக்கொள்ளும். கடலோரத்திலும், குளிர்காலத்தில் உப்புத் தூவும் சாலைகளிலும் இது சீக்கிரம் நடக்கும். துரு நீக்கி எண்ணெய் விட்டு, கொஞ்சம் ஊறவைத்து, தண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெல்லத் திருப்புங்கள். பலவந்தம் செய்தால் தண்டே முறியும். மாட்டும்போதே மரையில் ஒட்டாமல் தடுக்கும் பசையைத் துளி தடவினால் இந்த வேலையே வராது. பசை வால்வு பின்னுக்குள் போகக் கூடாது.

எந்த அலாரமும் இல்லாமல் டயர் வெடித்தது

கருவியைக் குறை சொல்ல முடியாது. டயரின் மேல்தோல் உள் அடுக்கிலிருந்து பிரிவதை அழுத்தம் காட்டிக்கொடுக்காது. பிரியும் நொடிவரை எண் சரியாகவே இருக்கும். அதற்குப் பார்க்க வேண்டியது பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் குறியின் கடைசி நான்கு இலக்கங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். டிரெய்லர் டயர், மேலுள்ள பள்ளக் கோடுகள் தேயாமலே, வயதாகிவிடும். ஐந்து வருடம் தாண்டினால் நான் மாற்றிவிடுகிறேன். கையால் தடவும்போது மேடு தட்டினால், ஒரு பட்டை மட்டும் தேய்ந்திருந்தால், வயது பார்க்காமல் மாற்றுங்கள். வேகமும் பாருங்கள்: பல எஸ்.டி. டயர்கள் 65 மைல் வேகத்துக்குச் செய்யப்பட்டவை.

இன்னும் வாங்கவில்லை என்றால்

மேலே சொன்ன கோளாறுகளை வைத்தே தேர்ந்தெடுக்கலாம். மூடிபோல் மாட்டும் சென்சார் எடை குறைவு, ஆனால் காற்று நிரப்ப ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டும். கழற்றாமலே நிரப்ப வழிவிடும் வகை சற்றுக் கனம், அதனால் உலோகத் தண்டு கட்டாயம். மோட்டார்ஹோமின் பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால், உள் சக்கரத்துக்குக் கை போவதே கஷ்டம். அங்கே கழற்றத் தேவையில்லாத வகைதான் சரி. டயருக்குள்ளேயே ரிம்மில் பொருத்தும் சென்சார் வெப்பத்தைச் சரியாகக் காட்டும், கசிவுக்கு வழி வைக்காது. பேட்டரி தீர்ந்தால் டயரைக் கழற்ற வேண்டும். டயர் மாற்றப் போகும் சமயம் என்றால் அதை யோசிக்கலாம்.

பேட்டரியை நாமே மாற்றக்கூடியதா, ஒவ்வொரு அச்சுக்கும் தனித்தனி எல்லை வைக்க முடியுமா, ரிப்பீட்டர் கூடவே வருகிறதா, பகல் வெயிலில் திரை தெரிகிறதா என்று பாருங்கள். இழுக்கும் பிக்கப்பின் டயரையும் சேர்த்துக் காட்டுவது வசதிதான், ஆனால் அதற்குத்தான் ஏற்கெனவே விளக்கு இருக்கிறதே. அந்தப் பணத்தில் ஸ்டெப்னிக்கு ஒரு சென்சார் வாங்குங்கள். வருடக்கணக்கில் யாரும் பார்க்காத அந்த டயர்தான் தேவைப்படும் நாளில் 30 பி.எஸ்.ஐ.யோடு கிடக்கும்.

குளிர்காலத்தில் டிரெய்லரை நிறுத்தி வைக்கும்போது சென்சார்களைக் கழற்றி, எந்தச் சக்கரத்துடையது என்று ஒவ்வொன்றிலும் எழுதி ஒரு டப்பாவில் வைத்துவிடுங்கள். தண்டுகளுக்குப் பழைய மூடியைப் போட மறக்காதீர்கள்.